ரிப்பன் போட்டதா, ரிப்பன் இல்லாததா? லேபிள் பிரின்டர் பற்றி வாசகர் கேள்விகள்

லேபிள் பிரின்டர் பழுது பற்றிப் போன இதழில் நான் எழுதிய ஒரு பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கோவை காந்திபுரத்தில் 23 வருடமாக இந்த மெஷின்களை விற்கிறேன், பழுது பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "ஒட்டின பிறகு அந்த லேபிள் எத்தனை நாள் இருக்கணும்? எந்த இடத்தில் இருக்கணும்?" இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ளவர்களிடமும் இதையேதான் கேட்டிருக்கிறேன்.

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகி: நானும் அக்காவும் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி பாட்டிலில் அடைத்து விற்கிறோம். ரிப்பன் செலவே கிடையாது என்று சொல்லி ஒரு பிரின்டர் கொடுத்தார்கள். அடிக்கும்போது எழுத்து கருகருவென்று இருக்கிறது. இரண்டு மாதத்தில் கடைகளிலிருந்து பாட்டில் திரும்பி வருகிறது. தேதி, விலை எதுவும் தெரியவில்லை. பிரின்டர் பழுதா? ஸ்டிக்கர் மட்டமா?

அம்மா, இரண்டிலும் குற்றமில்லை. உங்கள் வேலைக்குப் பொருந்தாத வகையை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கதை.

லேபிள் பிரின்டரில் இரண்டு வகை. ரிப்பன் இல்லாதது டைரக்ட் தெர்மல். ரிப்பன் போடுவது தெர்மல் டிரான்ஸ்ஃபர். இரண்டிலும் உள்ளே இருக்கும் ஹெட் ஒன்றுதான்: நுண்ணிய சூட்டுப் புள்ளிகள் வரிசையாக அடுக்கிய ஒரு பட்டை. சூடு எதன் மேல் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ரிப்பன் இல்லாத வகையில் மை என்று ஒன்றுமே கிடையாது. கறுப்பாக மாறப்போகிற பொருள் காகிதத்தின் மேல் பூச்சாக இருக்கிறது. நிறமில்லாத ஒரு சாயமும், அதோடு சேர்ந்தால் நிறம் கொடுக்கும் மென்மையான அமிலத்தன்மை உள்ள ஒரு பொருளும் தூளாக அருகருகே கிடக்கும். ஹெட் தொட்டதும் அந்த இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுக்கும். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறது இல்லையா, அந்த மாதிரி. அந்தச் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள், திரும்ப மஞ்சளாகிவிடும். தெர்மல் காகிதத்திலும் சேர்ந்ததைப் பிரிக்க முடியும். எண்ணெய் பிரிக்கும், ஸ்பிரிட் பிரிக்கும், பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் பிரிக்கும். உங்கள் பாட்டிலின் கழுத்தில் வழிந்த ஒரு சொட்டு நல்லெண்ணெய் போதும். வெயில் பட்டாலும் வெளிறும். நேர்மாறாக 60, 70 டிகிரி சூட்டில் காகிதம் முழுவதுமே சாம்பல் பூத்துப் போகும். மே மாதம் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று சந்தேகமா? லேபிளின் வெறும் இடத்தில் நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் காகிதம்.

ரிப்பன் வகையில் கதை வேறு. மிக மெல்லிய பாலியஸ்டர் படலத்தில், 4.5 மைக்ரான் அளவுதான், கரியோடு மெழுகையோ (வேக்ஸ்), ரெசின் என்ற பிசினையோ சேர்த்துப் பூசியிருப்பார்கள். ஹெட்டின் சூடு அந்தப் பூச்சை உருக்கி லேபிளில் ஒட்டவைக்கும். கரி வெயிலுக்கு வெளிறாது. லேபிளிலும் சூட்டுக்கு மாறுகிற பூச்சு எதுவும் இல்லை. அதனால் சாதாரணக் காகிதம், பிளாஸ்டிக், துணி நாடா எதிலும் அடிக்கலாம்.

இது எனக்கே சுட்டுத் தெரிந்த பாடம். கடை ஆரம்பித்த புதிதில் ஈரோட்டில் ஒரு மஞ்சள் குடோனுக்கு ரிப்பன் இல்லாத பிரின்டரைப் பரிந்துரைத்தவன் நான்தான். ஒவ்வொரு மூட்டையிலும் விவசாயியின் பெயர், லாட் எண், எடை. மாசியில் ஒட்டினோம். தகரக் கூரை. சித்திரை முடியும்போது குடோன்காரர் கூப்பிட்டார். மேல் அடுக்கில் இருந்த மூட்டைகளின் லேபிள்கள் பழைய ஈயப் பாத்திரம் போல மங்கிக் கிடந்தன. அவரும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் இருந்த எடையை வைத்து மூட்டைகளைத் திரும்ப நிறுத்து, ஒவ்வொன்றாக அடையாளம் கண்டோம். 11 மூட்டை யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பணத்தை அவர் தன் கையிலிருந்து கொடுத்தார். ஒரு விவசாயி அந்த மங்கிய லேபிளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து எத்தனை நாள், எந்த இடம் என்று கேட்காமல் ஒரு பிரின்டரும் நான் விற்றதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ரிப்பன் வகை பிரின்டருக்கு மாறுங்கள். லேபிள் காகிதத்தில் வேண்டாம், பி.பி. என்று கேளுங்கள், அது பிளாஸ்டிக், எண்ணெயை உறிஞ்சாது. ரிப்பன் ரெசின் வகை. வெறும் வேக்ஸ் ரிப்பன் எண்ணெய்க் கையில் கரைந்து இழுபடும். பாட்டிலில் எண்ணெய் நிரப்புவதற்கு முன்பே, பாட்டில் உலர்ந்திருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். நிரப்பிய பிறகு எவ்வளவு துடைத்தாலும் பசை சரியாகப் பிடிக்காது.

கலர் லேபிள் வேண்டுமென்றால் சிவகாசியிலோ கோவையிலோ மொத்தமாக அச்சடித்து வாங்கி, பேட்ச் எண், தேதி, விலைக்கு மட்டும் இடம் விட்டு, அதை உங்கள் பிரின்டரில் அடிப்பது சிக்கனம். ஆனால் அச்சகத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: அந்த வெற்றுக் கட்டத்தின் மேல் வார்னிஷும் லேமினேஷனும் வரக்கூடாது. வந்தால் ரிப்பன் மை அங்கே நிற்காது.

ரிப்பன் செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 50 மி.மீ. உயர லேபிள், இடைவெளி 3 மி.மீ. என்று வைத்தால் 300 மீட்டர் ரிப்பன் ஒன்றில் ஏறக்குறைய 5,600 லேபிள் வரும். திரும்பி வந்த பாட்டில்களின் விலையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள். இன்னொன்று: லேபிளில் உள்ள விவரங்கள் தெளிவாகவும் அழியாமலும் இருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிமுறைகளே சொல்கின்றன. உங்கள் 14 இலக்க உரிம எண்ணும் அதில்தான் இருக்கிறது. மங்கிப்போன லேபிளோடு பாட்டில் அலமாரியில் நிற்பது சட்டப்படியும் தப்பு.

இப்போது கையில் இருக்கும் பிரின்டரைத் தூக்கிப் போட வேண்டாம். பார்சல் முகவரி அடிக்க அது அருமையான மெஷின். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: குழந்தைகள் உடை ஆன்லைனில் விற்கிறேன். ஒரு நாளைக்கு 60, 70 பார்சல். இப்போது ஏ4 தாளில் அடித்து, வெட்டி, செலோ டேப் போட்டு ஒட்டுகிறேன். ரிப்பன் பிரின்டர் வாங்கினால்தான் நிலைக்கும் என்கிறார் நண்பர். பில் அடிக்கும் சின்ன பிரின்டர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதிலேயே முடியாதா?

தம்பி, உங்களுக்கு ரிப்பன் வேண்டாம். பார்சல் லேபிளின் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். அதற்கு டைரக்ட் தெர்மல்தான் சரி. 4 அங்குல பிரின்டர், 100-க்கு 150 மி.மீ. ரோல், 203 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) போதும். ரோலைப் போட்டால் வேலை முடிந்தது. ரிப்பன் மாட்டுகிற வேலையும் அது சுருங்கிக் கிழிகிற தொல்லையும் இல்லை.

பில் பிரின்டரில் இது நடக்காது. அதற்கு ஒரு லேபிள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியைக் கண்டுபிடிக்கும் சென்சார் பொதுவாக இருப்பதில்லை. இரண்டாவது லேபிளிலேயே எழுத்து நகர ஆரம்பிக்கும். அகலமும் போதாது, 3 அங்குல பில் பிரின்டரில் அடிக்கக்கூடிய அகலம் 72 மி.மீ.தான்.

விற்பனைத் தளம் கொடுக்கும் கோப்பு ஏ4 அளவில் வந்தால், அமைப்புப் பக்கத்தில் தெர்மல் லேபிள் அளவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். ஏ4-ஐச் சுருக்கி அடித்தால் பார்கோடு கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். செலோ டேப்பை இனிமேல் மறந்துவிடுங்கள். தெர்மல் எழுத்தின் மேல் டேப் ஒட்டினால் அதன் பசையே எழுத்தைத் தின்றுவிடும். பளபளப்பில் ஸ்கேனரும் தடுமாறும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உடைக்குள் தைக்கிற வாஷ் கேர் நாடாவையும் இதிலேயே அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சாட்டின் அல்லது நைலான் நாடா, துணிக்கென்றே வரும் ரெசின் ரிப்பன். முழுக்க வேறு வேலை.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி: இட்லிப் பொடி, சாம்பார் பொடி, பருப்புப் பொடி செய்கிறேன். ரிப்பன் பிரின்டர்தான், 203 டி.பி.ஐ. எழுத்து அழியவில்லை. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் பார்கோடு படிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். லேபிள் அகலம் 38 மி.மீ. தமிழில் எழுதிய பொருட்பட்டியலும் கசங்கினாற்போல் இருக்கிறது. 300 டி.பி.ஐ. பிரின்டர் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். வேண்டுமா?

உங்கள் கடிதத்தோடு வந்த மாதிரி லேபிளைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பார்கோடுக்காக என்றால் புது பிரின்டர் வேண்டாம். கணக்கைச் சொல்கிறேன், நீங்களே சரிபார்க்கலாம்.

203 டி.பி.ஐ. என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஒரு புள்ளி 0.125 மி.மீ. நீங்கள் வாங்கியிருக்கும் 13 இலக்க பார்கோடில் மிக மெல்லிய கோட்டின் இயல்பான அகலம் 0.33 மி.மீ. அது 2.64 புள்ளி. பிரின்டருக்கு அரைப் புள்ளி, கால் புள்ளி அடிக்கத் தெரியாது. நீங்கள் மென்பொருளில் பார்கோடைச் சுட்டியால் இழுத்து 38 மி.மீ. கட்டத்துக்குள் பொருத்தியிருக்கிறீர்கள். அதனால் அது ஒரு கோட்டை 2 புள்ளியாகவும் பக்கத்துக் கோட்டை 3 புள்ளியாகவும் அடித்திருக்கிறது. ஒரே அகலமாக இருக்க வேண்டிய கோடுகள் ஒன்றுக்கொன்று மாறிவிட்டன. கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேனருக்குத் தெரியும்.

கோடு எப்போதும் முழுப் புள்ளிகளில் வர வேண்டும். 3 புள்ளி வைத்தால் 0.375 மி.மீ. இந்த பார்கோடு, இரண்டு பக்கமும் விட வேண்டிய வெற்று இடத்தையும் சேர்த்து, மெல்லிய கோட்டின் அகலத்தைப் போல 113 மடங்கு. ஆக மொத்தம் 42.4 மி.மீ. 38-க்குள் அது நிற்காது. 2 புள்ளியாகக் குறைத்தால் ஏறக்குறைய 28 மி.மீ.யில் அடங்கும், ஆனால் கோடு 0.25 மி.மீ. ஆகிவிடும். நெருக்கடியான அளவு. ஹெட்டில் தூசி ஒட்டினாலே படிக்காது. அதனால் லேபிளை 50 மி.மீ. அகலத்துக்கு மாற்றுங்கள். அதே பிரின்டர், அதே ரிப்பன் வகை. மென்பொருளில் பார்கோடை இழுக்காமல், கோட்டு அகலம் 3 புள்ளி என்று எண்ணால் கொடுங்கள். ரிப்பன் மட்டும் லேபிளைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் லேபிளின் ஓரம் ஹெட்டை உரசி அரித்துவிடும்.

இன்னும் இரண்டு சின்ன வேலை. பார்கோடு கோடுகள் காகிதம் வெளியே வரும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கும்படி வையுங்கள். குறுக்காக வைத்தால் ஹெட்டின் மிச்சச் சூடு ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு வால் இழுக்கும். அடுத்து, டார்க்னெஸ், அதாவது ஹெட்டின் சூட்டு அளவு. கறுப்பாக வந்தால் நல்லது என்று பலர் அதை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். கோடு வீங்கி இடைவெளி அடைபடும். எழுத்து முழுமையாக வரும் அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 890-இல் தொடங்கினால் இந்தியப் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் வரிசையை, பார்கோடு எண் கொடுக்கும் அமைப்பான ஜி.எஸ்.1 இந்தியா வழங்கியது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். ஏதோ ஒரு 890 எண்ணை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் பக்கத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வேறொருவரின் எண்ணாக இருக்கலாம்.

இனி தமிழ். இந்தப் பிரச்சினையைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம். பிரின்டருக்குள் இருக்கும் எழுத்துருக்களில் பொதுவாகத் தமிழ் இல்லை. அதனால் கணினியிலிருந்து யூனிகோட் எழுத்தைப் படமாகத்தான் அனுப்புகிறோம். நம் எழுத்தில் சுழி அதிகம். "ண", "ணை", "ஞ" இவற்றில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்பது போதாது. சுழியின் கண் அடைந்துபோகும். ஆங்கிலத்தில் தெளிவாக வரும் அதே அளவில் தமிழ் மசியாகிவிடும். பொருட்பட்டியலைத் தமிழில் கொடுக்க நினைத்தீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். கோடு தடித்து மெலியாமல் ஒரே சீராக இருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், தடித்த எழுத்து வேண்டாம், அளவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். 50 மி.மீ. லேபிளில் அதற்கும் இடம் கிடைக்கும். அப்படியும் திருப்தி இல்லையென்றால், இந்தத் தமிழுக்காக 300 டி.பி.ஐ. வாங்குங்கள் என்று மனதாரச் சொல்வேன். அங்கே மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 12 புள்ளி, சுழி திறந்து நிற்கும்.

பீளமேட்டிலிருந்து ஒரு பம்ப் செட் பட்டறைக்காரர்: வெள்ளி நிற பாலியஸ்டர் ஸ்டிக்கரில் குதிரைத்திறன், வோல்ட், சீரியல் எண் அடித்து மோட்டாரில் ஒட்டுகிறோம். ரிப்பன் வகைதான். ஆனால் கை பட்டாலே கறுப்பு இழுபடுகிறது.

வேக்ஸ் ரிப்பன் போட்டிருக்கிறீர்கள். விலை குறைவு என்று கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். வேக்ஸ் ரிப்பன் காகிதத்துக்குத்தான், அதாவது அட்டைப்பெட்டியில் ஒட்டும் குரோமோ காகித ஸ்டிக்கருக்கு. பாலியஸ்டருக்கு ரெசின்தான். நடுவில் வேக்ஸ்-ரெசின் என்று ஒன்று உண்டு. வழவழப்பான காகிதத்துக்கும் ஓரளவு பி.பி.க்கும் அது போதும். ரெசின் உருக அதிகச் சூடு வேண்டும். ரிப்பனை மாற்றிவிட்டு அமைப்பை அப்படியே விட்டால் எழுத்து விட்டுவிட்டு வரும். வேகத்தை நொடிக்கு 2 அங்குலமாகக் குறைத்து, டார்க்னெஸை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். அடித்த லேபிளை ஒரு மணி நேரம் விட்டு நகத்தால் சுரண்டுங்கள், டேப் ஒட்டிப் பிடுங்குங்கள், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். மூன்றிலும் நின்றால் அந்த ரிப்பன் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதையே வாங்குங்கள்.

வாங்கும்போது மை வெளிப்பக்கமா உட்பக்கமா என்றும் பாருங்கள். பிரின்டருக்குப் பிரின்டர் மாறும். ஒரு ஸ்டிக்கரின் பசைப் பக்கத்தை ரிப்பனின் இரு பக்கமும் ஒற்றி எடுங்கள். எதில் கறுப்பு வருகிறதோ அதுதான் மைப் பக்கம். அது லேபிளைப் பார்த்து இருக்க வேண்டும்.

கிணற்றுக்குள் இறங்கும் மோட்டாருக்கும், 20 வருடம் தோட்டத்தில் கிடக்கப்போகும் மோட்டாருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு எழுத்து பொறித்த உலோகத் தகடுதான். ஸ்டிக்கர் விற்கிறவன் சொல்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு ஆய்வகப் பணியாளர்: ரத்தக் குழாய்களில் ஒட்டும் லேபிளை ரிப்பன் இல்லாத பிரின்டரில் அடிக்கிறோம். ஸ்பிரிட் பஞ்சு பட்டால் பெயர் போய்விடுகிறது. சில மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியிலும் வைக்கிறோம். அங்கே லேபிள் உதிர்ந்து விழுகிறது.

உங்கள் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு எண்ணெய் பாட்டிலில் எழுத்து போனால் பணம் போகும். ஒரு ரத்தக் குழாயில் போனால் இன்னொருவரின் ரிசல்ட் ஒருவருக்குப் போய்ச் சேரும்.

அன்றன்றைக்குச் சோதித்து முடிக்கிற குழாய்களுக்கு டைரக்ட் தெர்மல் தப்பில்லை, பல ஆய்வகங்கள் அதைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் மேலே பாதுகாப்புப் பூச்சு உள்ள தாளாக இருக்க வேண்டும். டாப் கோட்டட் என்று கேட்டு வாங்குங்கள். வாங்குமுன் ஒரு துண்டைக் கேட்டு, நீங்கள் பயன்படுத்தும் அதே ஸ்பிரிட்டால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள்.

உறைநிலைக்குப் போகும் மாதிரிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அவற்றுக்கு ரிப்பன் பிரின்டர், ரெசின் ரிப்பன், குளிருக்கென்றே செய்த பசையுள்ள பிளாஸ்டிக் லேபிள். சாதாரணப் பசை அந்தக் குளிரில் கண்ணாடி மாதிரி விறைத்து விட்டுவிடும். லேபிளை அறை வெப்பத்தில், குழாய் உலர்ந்திருக்கும்போது, குழாயைச் சுற்றி முனை முனைமேல் ஏறும்படி ஒட்டிவிட்டுப் பிறகு உள்ளே வையுங்கள். பனி பூத்த குழாயில் எதையும் ஒட்ட முடியாது. பார்கோடு குழாயின் நீளவாக்கில் ஓடட்டும்; குழாயைச் சுற்றி ஓடினால் வளைவில் பாதிக் கோடுகள் ஸ்கேனருக்கு மறைந்துவிடும்.

ரிப்பன் பிரின்டர் வந்ததும் இதையும் கவனியுங்கள். பயன்படுத்திய ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்தால் அடித்த ஒவ்வொரு பெயரும், என்ன சோதனை என்பதும், வெள்ளை எழுத்தாகப் படிக்கக் கிடைக்கும். அப்படியே குப்பையில் போட்டுவிடாதீர்கள். துண்டு துண்டாக வெட்டி அழியுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: ஜவுளிக்கடை பில் கவுன்டரில் வேலை. நாள் முழுக்க தெர்மல் பில்லைத் தொடுகிறேன். இப்போது நான்கு மாத கர்ப்பம். இந்தக் காகிதம் ஆபத்து என்று ஒரு செய்தி பார்த்தேன். உண்மையா?

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். காகிதத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் பதிலில் சொன்ன பூச்சில், நிறம் கொடுக்கும் பொருளாகப் பல வருடம் பிஸ்பீனால் ஏ இருந்தது. அது உடலின் ஹார்மோன்களில் குறுக்கிடக்கூடியது என்பதால், தெர்மல் காகிதத்தில் எடைக்கு 0.02 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலிருந்து தடை செய்தது. அதற்குப் பதிலாகப் பலர் போடும் பிஸ்பீனால் எஸ்ஸும் அதே குடும்பம்தான். பீனால் இல்லாத ரோல் என்றே தனியாகக் கிடைக்கிறது. முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அதுவரை சானிடைசரோ கிரீமோ தடவிய கையால் பில்லைத் தொட வேண்டாம், ஈரக் கையில் பூச்சு அதிகம் ஏறும். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பில்லை வாயில் கவ்விக்கொண்டு பையைக் கட்டும் பழக்கம் கவுன்டரில் பலருக்கு உண்டு, அதை விட்டுவிடுங்கள்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்: லேபிள் நெடுக மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. ஹெட் போய்விட்டதா?

அநேகமாக அழுக்கு. பிரின்டரை அணைத்து, ஹெட் ஆறிய பிறகு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த நூல் உதிராத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். காய்ந்ததும் அடித்துப் பாருங்கள். கோடு அதே இடத்தில் இருந்தால் அந்தப் புள்ளி எரிந்துவிட்டது. 203 டி.பி.ஐ. உள்ள 4 அங்குல ஹெட்டில் 832 புள்ளிகள் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, ஹெட்டைத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு ரிப்பன் மாற்றும்போதும் துடைத்து வந்தால் அந்த நாள் தள்ளிப்போகும். ரிப்பன் இல்லாத வகையில் காகிதமே ஹெட்டை நேராக உரசுவதால் ஒவ்வொரு ரோலுக்கும் துடைக்க வேண்டும். பிளேடு, ஊசி, மோதிரம் போட்ட விரல் எதுவும் அதன் மேல் படக்கூடாது. தெர்மல் அச்சுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் ஜாக் கில்பி, ஐ.சி. சிப்புக்காக 2000-இல் நோபல் பரிசு வாங்கியவர். அவ்வளவு நுணுக்கமான பொருளைச் சாவியால் சுரண்டிவிட்டுக் கடைக்குக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் மனது வலிக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்: நர்சரி வைக்கப்போகிறேன். செடித் தொட்டிக்கு லேபிள். பழைய ரிப்பன் பிரின்டர் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வெயில், தண்ணீர், மண். ரிப்பன் வகைதான், அதில் சந்தேகமில்லை. பாலியஸ்டர் அல்லது பி.பி. லேபிள், ரெசின். மாடலின் பெயரை மட்டும் சரியாகப் பாருங்கள். சில கம்பெனிகளில் ஒரே எண்ணின் கடைசியில் "டி" (D) இருந்தால் அது ரிப்பன் மாட்டவே முடியாத டைரக்ட் தெர்மல், "டீ" (T) இருந்தால் ரிப்பன் வகை. கேட்கும்போது இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். மூடியைத் திறந்து ரிப்பன் மாட்டும் இரண்டு தண்டுகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

பிறகு, மின்சாரம் கொடுத்து, ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்து, சுய சோதனை லேபிள் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள். மாடலுக்கு மாடல் முறை கொஞ்சம் மாறும், விற்கிறவருக்குத் தெரியும். இதுவரை எத்தனை கிலோமீட்டர் அடித்திருக்கிறது என்பது பல மாடல்களில் அதிலேயே வரும். அந்தச் சீட்டில் வெள்ளைக் கோடு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். காகிதத்தை இழுக்கும் ரப்பர் உருளையை விரலால் தடவுங்கள். வழுவழுவென்றோ வெடித்தோ இருந்தால் அதையும் மாற்ற வேண்டிவரும், விலையில் கழித்துக் கேளுங்கள். 300 மீட்டர் ரிப்பன் ஏற்குமா, 74 மீட்டர் மட்டும்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் வாங்குங்கள். முதலில் ஐந்து தொட்டிக்கு மட்டும் அடித்து, ஒன்றைத் தெற்கு வெயிலில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றி, ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.